வானம் பார்த்த ஓவியம்

லண்டன் ராயல் அகாதமியின் சேகரிப்பில் சிறிய எண்ணெய் வண்ணப் படம் ஒன்று இருக்கிறது. ஏ4 தாளைவிடச் சற்றே பெரிய காகிதம். ஏறக்குறைய முழுவதும் மேகம். வலது ஓரத்தில் ஒரு மரம் தலைகாட்டுகிறது. வேறு ஒன்றுமில்லை. அந்தப் படத்துக்கு ஓவியர் எழுதிவைத்த குறிப்பு இப்படிப் போகிறது: "ஹாம்ப்ஸ்டெட், செப்டம்பர் 11, 1821. காலை 10 முதல் 11 வரை, சூரியனுக்குக் கீழே. கதகதப்பான அடிநிறத்தின்மேல் வெள்ளிச் சாம்பல் மேகங்கள். புழுக்கம். தென்மேற்கில் மெல்லிய காற்று. நாள் முழுக்க நல்ல வானிலை. ஆனால் அன்றிரவு மழை."

இதை எழுதியது ஓவியரா, வானிலை நிலையத்து ஊழியரா என்று கேட்கத் தோன்றும். வரிகளைக் கொஞ்சம் நின்று படித்தால் வேறு சில விஷயங்களும் தெரியும். காலை 10 முதல் 11 வரை என்றால் மொத்தப் படமும் ஒரே மணி நேர வேலை. சூரியனுக்குக் கீழே என்றால் சூரியன் இருந்த திசையை நோக்கியே உட்கார்ந்திருக்கிறார்; ஒளி மேகத்தின் பின்னாலிருந்து வருகிறது; அதனால்தான் விளிம்பு வெள்ளியாகவும் வயிறு சாம்பலாகவும் இருக்கின்றன. அன்றிரவு பெய்த மழை குறிப்பில் இருக்கிறது என்றால், படம் முடிந்து ஒரு நாளாவது கழிந்த பிறகே அதை எழுதியிருக்க வேண்டும். காலையில் தான் வரைந்த மேகம் இரவில் என்ன ஆயிற்று என்று பின்தொடர்ந்து போய்ப் பார்த்த மனிதர் அவர்.

பெயர் ஜான் கான்ஸ்டபிள். 1776இல் பிறந்து 1837இல் இறந்த ஆங்கிலேயர். நிலக்காட்சி ஓவியம் என்றால் என்ன என்று புதிதாகக் கேட்பவருக்கு இவரை வைத்துச் சொல்வதுதான் எளிது என்பது என் எண்ணம். இவரைவிடப் புகழ்பெற்றவர்களும் கைத்திறன் மிக்கவர்களும் உண்டு. ஆனால் தான் என்ன செய்கிறோம் என்பதை இவரளவுக்குக் கடிதங்களிலும் குறிப்புகளிலும் எழுதிவைத்தவர்கள் குறைவு.

நிலக்காட்சி ஓவியம் என்றதும் பெரும்பாலோர் மனதில் வருவது அழகான இடத்தின் படம்: மலை, ஆறு, மரம், ஒரு குடிசை. நிலம்தான் விஷயம், வானம் அதற்குப் பின்னால் கட்டிய திரை என்ற நினைப்பு. வானத்தைப் பொருள்களுக்குப் பின்னால் தொங்கும் வெள்ளைத் துணியாக நினைத்துக்கொள் என்று கான்ஸ்டபிளுக்கே பலர் புத்தி சொல்லியிருக்கிறார்கள். 1821 அக்டோபரில் நண்பர் ஜான் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில் அவர் அதைக் குறிப்பிட்டு மறுக்கிறார். இயற்கையில் ஒளிக்கு ஊற்று வானம்தான், எல்லாவற்றையும் ஆள்வது அதுதான் என்கிறார் அதே கடிதத்தில். மழையை நம்பி விதைக்கும் நிலத்தை நாம் வானம் பார்த்த பூமி என்கிறோம் அல்லவா? கான்ஸ்டபிளைப் பொறுத்தவரை ஓவியத்தில் வரும் நிலம் அத்தனையும் வானம் பார்த்த பூமிதான்.

இது அவருக்கு எங்கிருந்து வந்தது என்றால், அப்பாவின் தொழிலிலிருந்து. கிழக்கு இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்தின் ஈஸ்ட் பெர்கோல்ட் அவருடைய ஊர். தந்தை கோல்டிங் கான்ஸ்டபிள் வசதியான தானிய வியாபாரி. ஸ்டவர் ஆற்றின் கரையில் ஃப்ளாட்ஃபோர்டிலும் டெடமிலும் அவருக்கு மாவரைக்கும் நீராலைகள் இருந்தன. ஊர்ப் பொட்டலில் ஒரு காற்றாலையும் இருந்தது. மூத்த மகனுக்கு மன வளர்ச்சிக் குறைபாடு. அதனால் இரண்டாவது மகன் ஜான்தான் தொழிலுக்கு வருவார் என்று வீட்டில் எதிர்பார்த்தார்கள். அவரும் சில காலம் ஆலையில் வேலை பார்த்தார். அந்தக் காலத்துக் காற்றாலையின் இறக்கைகள் மரச்சட்டங்கள்தான். அவற்றின்மேல் கித்தானை விரித்தால்தான் காற்றைப் பிடிக்கும். பலத்த காற்று வருவதற்குள் அதைச் சுருட்டாவிட்டால் ஆலைக்கே ஆபத்து. ஆலைக்காரன் வானத்தை ரசிப்பதற்காகப் பார்ப்பதில்லை, அடுத்த அரை மணியில் என்ன வரும் என்று கணிக்கப் பார்க்கிறான். பிற்பாடு ஜானுக்கு வேறொரு வகைக் கித்தான் வாய்த்தது, பார்வை மாறவில்லை.

கடைசியில் ஆலையை ஏற்றது தம்பி ஆப்ரம். அண்ணனின் ஓவியத்தைப் பற்றி அவர் சொன்னதாக ஒரு வாக்கியம் நிலைத்திருக்கிறது. கான்ஸ்டபிளின் நண்பரும் ஓவியருமான லெஸ்லி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் அது வருகிறது: ஜான் வரைந்த ஆலையைப் பார்த்தால் அது சுற்றும் என்று தெரிகிறது, மற்றவர்கள் வரையும் ஆலைகள் எல்லாம் அப்படி இல்லை. கலை விமர்சகர்கள் எழுதிய பக்கங்களைவிட இந்த ஒற்றை வரி எனக்குப் பிடிக்கும். ஆலை ஓட்டியவன் கொடுத்த சான்றிதழ் அது.

1799இல் ஜான் லண்டனுக்குப் போய் ராயல் அகாதமியில் மாணவராகச் சேர்ந்தார். அங்கே ஓவியங்களுக்குள்ளும் படிநிலை இருந்தது. புராணம், விவிலியம், வரலாறு ஆகியவற்றை வரைபவர் மேல்படியில். பணக்காரர்களின் உருவப்படம் வரைபவருக்கு நல்ல வருமானம். வயலையும் ஆற்றையும் வரைபவர் கீழ்ப்படியில்தான். நிலக்காட்சி வரைந்தாலும் அதற்கென்று ஒரு சமையல் குறிப்பு இருந்தது. 17ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த க்ளோத் லொரான் என்ற பிரெஞ்சு ஓவியர் வகுத்த வழி அது: ஒரு பக்கம் இருண்ட பெரிய மரம், நடுவே பளபளக்கும் நீர், தொலைவில் நீல மலை, எல்லாவற்றின்மேலும் பொன்மாலை ஒளி. க்ளோத் மேதைதான். கான்ஸ்டபிளும் அவரை வணங்கியவர்தான். ஆனால் க்ளோதைப் பார்த்து வரைந்தவர்களைப் பார்த்து வரைந்தவர்களின் கையில் அந்தப் பொன்னிறம், பழைய வார்னிஷின் பழுப்பும் சேர்ந்து, ஒரே மரப்பட்டை நிறமாகிவிட்டது.

சர் ஜார்ஜ் போமன்ட் என்ற பிரபு கான்ஸ்டபிளுக்கு இளமையிலிருந்தே ஆதரவு தந்தவர். தன்னிடமிருந்த க்ளோத் ஓவியத்தை அவருக்கு முதலில் காட்டியவரும் இவர்தான். ஒரு படத்தின் பொதுவான நிறச்சாயல் பழைய வயலினின் பழுப்பைப் போல இருக்க வேண்டும் என்பது போமன்டின் கட்சி. கான்ஸ்டபிள் வாதம் செய்யவில்லை. ஒரு பழைய வயலினை எடுத்துக்கொண்டு போய் வீட்டின் முன்னால் இருந்த பச்சைப் புல்லின்மேல் வைத்தார். பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். இன்னொரு முறை, "உங்கள் படத்தில் பழுப்பு மரத்தை எங்கே வைப்பது என்று முடிவுசெய்வது கடினமாக இல்லையா?" என்று போமன்ட் கேட்டாராம். "கொஞ்சமும் இல்லை, அப்படி ஒன்றை நான் படத்தில் வைப்பதே இல்லை" என்று பதில்.

1802இல், தன் ஓவியம் முதன்முதலாக அகாதமி கண்காட்சியில் தொங்கிய ஆண்டில், ஊர் நண்பர் ஜான் டன்தோர்னுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். டன்தோர்ன் குழாய் வேலையும் கண்ணாடி வேலையும் செய்தவர், ஓய்வு நேரத்தில் ஓவியர். இதுவரை ஓவியங்களின் பின்னால் ஓடி உண்மையை இரண்டாம் கையாக வாங்கிக்கொண்டிருந்தேன், இயற்கையை இயற்கையாகவே வரையும் ஒருவனுக்கு இங்கே இடம் இருக்கிறது என்று அதில் எழுதினார். சொல்வது எளிது. அதைக் கையில் கொண்டுவர அவருக்குக் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் பிடித்தன.

வானம் நிலத்தை ஆள்கிறது என்றால் என்ன பொருள்? ஒரு பிற்பகலில் மொட்டை மாடியில் நின்று பாருங்கள். மேகம் சூரியனை மறைக்கும்போது எதிரே உள்ள மரம் ஒரு நிறம். மேகம் விலகியதும் அதே மரம் வேறு நிறம். மறைத்திருக்கும் வேளையில் நிழல்களின் ஓரம் கரைந்துபோகிறது, வெயில் அடிக்கும்போது கத்தியால் வெட்டியதுபோல் நிற்கிறது. மேகம் சிதறிக் கிடக்கும் நாளில் வயலின் ஒரு பகுதி இருண்டும் அடுத்த பகுதி ஒளிர்ந்தும் இருக்கும், அந்த எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே போகும். ஆக, "மரத்தின் நிறம்" என்று நிலையாக ஒன்று இல்லை. இந்த வானத்தின் கீழ், இந்த நேரத்தில் மரத்துக்கு இருக்கும் நிறம்தான் உண்டு. ஓவியர் வானத்தை ஒரு வேளையிலும் தரையை இன்னொரு வேளையிலும் வரைந்து ஒட்டினால், காரணம் சொல்லத் தெரியாதவர்கூட எதுவோ சரியில்லை என்பார்.

இதற்கு ஓர் அருமையான சாட்சி இருக்கிறது. சாலிஸ்பரி நகரின் பிஷப் (நண்பர் ஃபிஷரின் பெரியப்பா, அவர் பெயரும் ஜான் ஃபிஷர்தான்) தன் தோட்டத்திலிருந்து தெரியும் தேவாலயத்தை வரைந்து தரச் சொன்னார். 1823இல் படம் தயாரானது. கோபுரத்தின் பின்னால் கனத்த கருமேகம். பிஷப்புக்கு எல்லாம் பிடித்தது, அந்த மேகத்தைத் தவிர. மழை வரும்போதுதான் மேகம் கறுக்கும், நல்ல நாளில் வானம் நீலமாகத்தானே இருக்கும் என்று அங்கலாய்த்தார். கான்ஸ்டபிள் பின்னர் இன்னொரு படம் வரைந்தார், வெயில் நாள். முதல் படம் இன்று லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், இரண்டாவது நியூயார்க்கின் ஃப்ரிக் சேகரிப்பில். இரண்டையும் இணையத்தில் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். மாறியது மேகம் மட்டுமல்ல. கருமேகத்தின் முன்னால் கல் கோபுரம் எலும்புபோல் வெளுத்து நின்றது. வெளிர் வானத்தின் முன்னால் அந்த அதிர்ச்சி போய்விட்டது. கோபுரத்தை வளைத்து மூடியிருந்த மரக்கிளைகளையும் அவர் திறந்துவிட வேண்டியிருந்தது. தேவாலயம் அதே தேவாலயம்தான், ஆனால் இரண்டு படங்களுக்கும் மனநிலை வேறு. பிஷப்பின் குறையில் நியாயம் இல்லாமல் இல்லை. இருந்தாலும் என் ஓட்டு கருமேகத்துக்கே.

மேகங்களுக்கு முறையான பெயர் வந்ததும் இவருடைய காலத்தில்தான். லூக் ஹோவர்ட் என்ற லண்டன் மருந்துத் தயாரிப்பாளர் கீற்று, திரள், படை என்று மேகங்களை வகைப்படுத்தி 1803இல் வெளியிட்டார். பள்ளிப் புவியியலில் நாம் படிக்கும் வகைகளுக்கு மூலம் அதுதான். அந்த வகைப்பாட்டை விளக்கிய தாமஸ் ஃபார்ஸ்டரின் வானிலை நூல் ஒன்று கான்ஸ்டபிளிடம் இருந்தது. ஓரங்களில் தன் கருத்துகளைக் கிறுக்கியும் வைத்திருந்தார். ஒரு மேகப் படத்தின் பின்புறத்தில் கீற்று மேகத்தின் லத்தீன் பெயரை மட்டும் எழுதிவைத்திருக்கிறார்.

ஹாம்ப்ஸ்டெடுக்கு அவர் போனது மேகம் பார்க்க அல்ல. மனைவி மரியாவுக்கு நெஞ்சு நோய். லண்டன் புகையிலிருந்து அவரைக் காப்பாற்ற 1819 முதல் நகரின் வடக்கே மேட்டுப் பகுதியான ஹாம்ப்ஸ்டெடில் கோடைக்கு வீடு எடுத்தார்கள். மேடான, திறந்த வெளி. நாலு பக்கமும் வானம். 1821, 1822 கோடைகளில் அவர் வரைந்து தள்ளினார். 1822 அக்டோபரில் ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில், கவனமாகச் செய்த வானப் படங்கள் மட்டும் சுமார் 50 என்று கணக்குச் சொல்கிறார். பலவற்றின் பின்புறத்தில் நாள், மணி, காற்று, வெப்பம். இவற்றில் ஒன்றையும் அவர் கண்காட்சிக்கு வைக்கவில்லை, விற்கவும் இல்லை. பாடகர் விடியற்காலையில் செய்யும் சாதகம் போன்றவை இவை.

மேகம் வரைய முயன்றவர்களுக்குத் தெரியும், முதல் தவறு எல்லா மேகத்தையும் ஒரே அளவில், பஞ்சுப் பொதிபோல் வானம் முழுக்க ஒட்டுவது. மேகங்களுக்கும் தொலைவு உண்டு. தலைக்கு மேலே இருப்பது பெரிதாக, விளிம்பு தெளிவாக இருக்கும். அடிவானத்தை நெருங்க நெருங்கச் சிறுத்து, தட்டையாகி, ஒன்றின்மேல் ஒன்று நெருக்கி அடுக்கியதுபோல் தெரியும். திரள் மேகத்தின் அடி ஏறத்தாழ ஒரே மட்டத்தில் தட்டையாக இருக்கும், ஏனென்றால் மேலே ஏறும் காற்றிலுள்ள ஈரம் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் குளிர்ந்து துளியாகிறது. இதைத் தெரிந்துகொண்டு வரைந்தால் வானம் சுவராக நிற்காமல் கூரையாகக் கவிழும். கான்ஸ்டபிளின் வானத்தில் ஈரம் இருந்தது. ஓவியர் ஃபியூஸெலி, கான்ஸ்டபிளின் படங்களைப் பார்த்தால் மேல்கோட்டையும் குடையையும் கொண்டுவரச் சொல்லத் தோன்றுகிறது என்று கேலி செய்தார். கேலிதான். ஆனால் அதைவிடப் பெரிய பாராட்டு என்ன வேண்டும்?

இனி வேலை நடந்த விதம். குழாயில் அடைத்த வண்ணம் 1841இல்தான் வந்தது, கான்ஸ்டபிள் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் காலத்தில் அரைத்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் சிறு முடிச்சாகக் கட்டி விற்பார்கள். ஊசியால் குத்திப் பிதுக்க வேண்டும்; துளையை மறுபடி அடைக்க வேண்டும்; பையில் வெடித்தால் தொலைந்தது. இவற்றை ஒரு மரப்பெட்டியில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போவார். பெட்டியை மடியில் வைத்துத் திறந்தால் மூடியே வரைபலகை, அதில் காகிதத்தைக் குத்திக்கொள்ளலாம். காகிதத்தில் முன்பே செம்பழுப்போ இளஞ்சிவப்போ ஓர் அடிப்பூச்சு இருக்கும். அதன்மேல் பச்சையும் நீலமும் வேகமாக விழும்போது இடையிடையே அந்தச் சிவப்பு எட்டிப் பார்த்துப் படத்துக்குச் சூடு தரும். வெள்ளைத் தாளில் வரைந்தால் கிடைக்காத ஒற்றுமை அது.

இப்படி வெளியே அமர்ந்து ஒரு மணியில் செய்வதை முன்வரைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஓவியம் வேறு கதை. 1819 முதல் கான்ஸ்டபிள் ஸ்டவர் ஆற்றை வைத்து ஆறடி அகலக் கித்தான்களில் வரையத் தொடங்கினார். காரணம் கொஞ்சம் உலகியல் சார்ந்தது: அகாதமியின் சுவர்களில் தரையிலிருந்து கூரைவரை படங்கள் நெருக்கியடித்துத் தொங்கும், சிறிய படம் கண்ணிலேயே படாது. ஆனால் உள்ளங்கை அளவு முன்வரைவை ஆறடிக்கு எப்படி ஊதுவது? ஊதினால் உயிர் போய்விடும். அவர் கண்ட வழி யாரும் வழக்கமாகச் செய்யாதது. இறுதி ஓவியத்தின் அதே அளவில் இன்னொரு கித்தானை எடுத்து, அதில் முதலில் முரட்டுத்தனமாக ஒரு முழு ஒத்திகை பார்ப்பார். ஒளி எங்கே, இருள் எங்கே, எது கனம், எது லேசு என்பதையெல்லாம் அதில் சண்டைபோட்டுத் தீர்த்துவிட்டுத்தான் இறுதிக் கித்தானுக்கு வருவார். வண்ணம், கித்தான், உழைப்பு எல்லாம் இரட்டிப்பு. இன்றைய கண்ணுக்கு அந்த ஒத்திகைகள்தான் அதிக வேகத்தோடு தெரிகின்றன. இறுதி ஓவியத்தைவிட ஒத்திகையே மேல் என்று வாதிடுபவர்கள் நிறையப் பேர். எனக்கு அது பாதிதான் சரி.

வரிசையில் மூன்றாவது படம்தான் உலகறிந்தது. வைக்கோல் வண்டி என்று நாம் சொல்லலாம். 1821இல் கண்காட்சிக்குப் போனபோது அவர் வைத்த பெயர் "நிலக்காட்சி: நண்பகல்". பெயரிலேயே மணி இருக்கிறது பாருங்கள். ஃப்ளாட்ஃபோர்டு ஆலைக்கு அருகே ஆழமில்லாத தண்ணீரில் ஒரு காலி வண்டி நிற்கிறது. எதிர்க்கரைப் புல்வெளியில், வலப்பக்கம் வெகு தொலைவில், வெள்ளைப் புள்ளிகளாகச் சிலர் வைக்கோல் சேர்க்கிறார்கள். வண்டி அங்கேதான் போகிறது. இடப்பக்கம் வில்லி லாட் என்ற விவசாயியின் வீடு. எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்த அவர், அந்த வீட்டை விட்டு வெளியே தங்கியது மொத்தம் நான்கு நாள்தான் என்று சொல்வார்கள். வீடு இன்றும் இருக்கிறது. கரையில் ஒரு நாய் வண்டியைப் பார்த்து நிற்கிறது. வீட்டோரம் ஒரு பெண் தண்ணீரை நோக்கிக் குனிந்திருக்கிறாள்.

இந்தப் படத்தை அவர் வரைந்தது லண்டனில், குளிர்காலத்தில். ஆறு கண்ணெதிரே இல்லை. பழைய முன்வரைவுகளும் நினைவும் போதுமானவையாக இருந்தன, ஒன்றைத் தவிர: வண்டி. அந்த ஊர் வண்டியின் சட்டமும் சக்கரமும் எப்படிப் பொருந்தும் என்பதில் அவருக்குத் தயக்கம். ஊருக்குச் சொல்லியனுப்பி, டன்தோர்னின் மகனைக் கொண்டு ஒரு வண்டியை வரையச் செய்து வரவழைத்தார். ஆறடிப் படத்தில் வண்டி ஒரு சிறு பகுதி. சஃபோக்கைக் கண்டிராத லண்டன்காரர்களில் யார் அச்சாணி பார்க்கப்போகிறார்கள்? ஆனால் ஆலை சுற்றுமா என்று பார்க்கும் ஒரு தம்பி வீட்டில் இருந்தால் அண்ணனுக்கு இந்தப் பயம் இருக்கத்தானே செய்யும்.

படத்தின் பச்சையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஒரே பச்சையைப் பூசி அதன்மேல் இலை வரையவில்லை. மஞ்சள் கலந்தது, நீலம் கலந்தது, சாம்பல் படிந்தது என்று பல பச்சைகள் சிறு சிறு தீற்றல்களாகப் பக்கம் பக்கமாகக் கிடக்கின்றன. எட்டி நின்றால் கண் அவற்றைச் சேர்த்துக்கொள்கிறது. சேரும்போது ஒரு துடிப்பு மிச்சமிருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா பின்னாளில் தன் நாட்குறிப்பில் இதையே எழுதினார்: கான்ஸ்டபிளின் புல்வெளிகள் பச்சைகளின் கூட்டம் என்பதால்தான் மற்றவர்களுடையவற்றை வெல்கின்றன. இத்தனை பச்சைக்கு நடுவே குதிரைகளின் சேணத்தில் ஒரு துளிச் சிவப்பு. பச்சைக்கு எதிர்நிறம் சிவப்பு. ஒரு சிட்டிகை உப்பு குழம்பை எழுப்புவதுபோல் அந்தச் சிவப்பு பச்சை முழுவதையும் எழுப்புகிறது.

இந்த ஒரு துளி ரகசியத்தை வைத்தே 1832இல் டர்னர் அவரை வம்புக்கு இழுத்தார். இருவரும் சமகாலத்துப் பெரும் ஓவியர்கள், ஆகாத போட்டி. கண்காட்சி திறக்கும் முன் ஓவியர்கள் கடைசித் திருத்தம் செய்துகொள்ளச் சில நாள் தருவார்கள். கான்ஸ்டபிள் தன் வாட்டர்லூ பாலத் திறப்பு விழாப் படத்தில் கொடிகளுக்குச் சிவப்பு ஏற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் டர்னரின் சாம்பல் கடல். டர்னர் வந்தார், பார்த்தார், தன் கடலின் நடுவே காசளவு ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டுப் பேசாமல் போய்விட்டார். கான்ஸ்டபிளின் சிவப்புகள் அத்தனையும் சோர்ந்துபோயின. "இங்கே வந்து துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போயிருக்கிறான்" என்றாராம் கான்ஸ்டபிள். பிறகு டர்னர் திரும்பி வந்து அந்தப் பொட்டை ஒரு மிதவையாக மாற்றினார்.

இலைகளின்மேலும் நீரின்மேலும் கான்ஸ்டபிள் தெளித்த வெள்ளைப் புள்ளிகள்தான் அன்று பெரிய சர்ச்சை. மழை நின்ற இலையில் வெயில் பட்டுத் தெறிக்கும் மினுக்கத்துக்காக, சில இடங்களில் கத்தி முனையால் வெள்ளையை இழுத்துவிடுவார். சுண்ணாம்பு அடித்திருக்கிறான், பனி பெய்திருக்கிறது என்று விமர்சகர்கள் சிரித்தார்கள். வைக்கோல் வண்டியை லண்டனில் யாரும் வாங்கவில்லை. ஜான் ஆரோஸ்மித் என்ற பாரிஸ் வியாபாரி 70 பவுண்டுக்குக் கேட்டார், கான்ஸ்டபிள் மறுத்தார். 1824இல் இதையும் இன்னொரு பெரிய ஆற்றுப் படத்தையும் சேர்த்து, கொசுறாக ஒரு சிறு கடற்கரைப் படமும் போட்டு, 250 பவுண்டுக்குக் கொடுத்தார். அந்த ஆண்டு பாரிஸ் சலோன் கண்காட்சியில் கூட்டம் அதன் முன் நின்றது. மன்னர் பத்தாம் சார்ல்ஸ் தங்கப் பதக்கம் தந்தார். பதக்கத்தை வாங்கவும் கான்ஸ்டபிள் போகவில்லை. வாழ்நாளில் அவர் பிரிட்டனை விட்டு வெளியே கால் வைத்ததே கிடையாது. சுற்றிச் சுற்றி ஸ்டவர், ஹாம்ப்ஸ்டெட், சாலிஸ்பரி, பிரைட்டன் என்று சில இடங்கள்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். வைக்கோல் வண்டியில் தெரியும் அமைதி அன்றைய சஃபோக்கில் இல்லை. நெப்போலியன் போருக்குப் பின் விவசாயக் கூலிகளுக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. 1822இல் அந்தப் பகுதியில் கலவரம். இரவில் அருகிலோ தொலைவிலோ தீ எரியாத நாளே இல்லை என்று ஊரிலிருந்து வந்த சேதியைக் கான்ஸ்டபிளே கடிதத்தில் எழுதுகிறார். படத்தில் அதன் வாடைகூட இல்லை. ஆலை முதலாளியின் மகன் அவர்; அரசியலிலும் பழைமைவாதி. வானத்தில் வரும் புயலைத் தவறவிடாத கண், தரையில் வந்த புயலைப் பார்க்க மறுத்திருக்கிறது. நிலக்காட்சி ஓவியம் பார்க்கும்போது இதில் என்ன இருக்கிறது என்பதோடு, யாருடைய நிலம், யார் நின்று பார்க்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

மரியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1809இல் காதல். பெண்ணின் தாத்தா ஈஸ்ட் பெர்கோல்ட் ஊரின் பாதிரியார். வருமானமில்லாத ஓவியனுக்குப் பேத்தியைக் கொடுக்க அவருக்குச் சம்மதமில்லை. ஏழு ஆண்டு காத்திருந்து, தந்தை இறந்து சொத்தில் பங்கு வந்த 1816ஆம் ஆண்டில்தான் கல்யாணம். ஏழு குழந்தைகள். 1828 நவம்பரில் மரியா காசநோயால் இறந்தார். மூன்று மாதம் கழிந்து ராயல் அகாதமி கான்ஸ்டபிளை முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், 52ஆம் வயதில். நான் தனியனாகி, பகிர்ந்துகொள்ள ஆளில்லாமல் போகும்வரை இதைத் தாமதப்படுத்திவிட்டார்கள் என்றார்.

அந்த வசந்தத்தில் அவர் கண்காட்சிக்கு அனுப்பியது ஹாட்லி கோட்டை. தேம்ஸ் கடலில் கலக்கும் இடத்தில் இடிந்த இரண்டு கோபுரங்கள், கிழிந்த வானம், கீழே ஒற்றை மேய்ப்பனும் நாயும். அந்த இடத்தை அவர் 1814இல், கல்யாணத்துக்கு முன்பு, ஒரு முறை பார்த்துப் பென்சிலால் சின்னதாக வரைந்துவைத்திருந்தார். 15 ஆண்டுகள் அந்தத் தாள் சும்மா கிடந்தது. துக்கம் வந்தபோது அவர் தேடி எடுத்தது அதை. படத்தில் அழும் முகம் எதுவும் இல்லை. காற்றும் மேகமும் உடைந்த சுவரும்தான். உணர்ச்சியைச் சுமக்கும் முதன்மை உறுப்பு வானம் என்று 1821 கடிதத்தில் எழுதியதற்கு இந்தப் படமே உரை.

வானிலையை இவ்வளவு மதித்தவர் ஏமாற்றியதும் உண்டு. 1831இல் காட்சிக்கு வந்த சாலிஸ்பரிப் பெரும் படத்தில் தேவாலயத்தின்மேல் ஒரு வானவில் வளைந்து நிற்கிறது. வானவில் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில்தான் தோன்றும். இந்தப் படத்தின் ஒளியோடு அது பொருந்தவில்லை என்று வானிலை அறிந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். கான்ஸ்டபிளுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. வானவில்லின் வடிவியலைப் படமாகப் போட்டுப் பார்த்தவர் அவர். அந்த வளைவு வந்து இறங்கும் இடத்தில் நண்பர் ஃபிஷரின் வீடு இருக்கிறது. சூரியன் அங்கே இடம் தரவில்லை, ஓவியர் தந்துவிட்டார்.

நீங்களே முயன்று பார்க்க விரும்பினால் கித்தானும் எண்ணெய் வண்ணமும் வேண்டாம். உள்ளங்கை அளவு தாள் ஆறு எடுங்கள். ஒரே ஜன்னலிலிருந்து, ஒரே காட்சியை, வெவ்வேறு வேளைகளில், ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல் வரையுங்கள். கோடு முக்கியமில்லை. முதலில் வானத்தில் எது மிகவும் வெளிச்சம் என்று பாருங்கள். பிறகு தரையில் எது மிகவும் இருள் என்று பாருங்கள். மற்றவை எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவேதான் இருக்கும். பெரும்பாலும் வானத்தைவிடத் தரை இருட்டாக இருப்பதைக் கண்டு ஆச்சரியப்படுவீர்கள். முடித்ததும் தாளைத் திருப்பி நாள், மணி, காற்று எழுதுங்கள். இரவு மழை பெய்தால் மறுநாள் அதையும் சேருங்கள்.

1837 மார்ச் 31ஆம் தேதி பகல் முழுவதும் கான்ஸ்டபிள் ஒரு படத்தில் வேலை பார்த்தார். மாலையில், ஓவியர்களுக்கான நல நிதி ஒன்றின் காரியமாக வெளியே போய்விட்டு வந்து படுத்தார், அன்றிரவே இறந்தார். அநேகமாக முடிந்திருந்த அந்தப் படம் அந்த ஆண்டுக் கண்காட்சியில் தொங்கியது. அருண்டேல் என்ற ஊரின் கோட்டை மேலே, மரங்களுக்குள் பாதி மறைந்து நிற்கிறது. கீழே, முன்னால், தண்ணீரை ஒட்டி ஓர் ஆலை.